பட்டியில் ஆள் இருக்கிறது: மினுங்கும் காவல் விளக்கோடு 14 மாதம்

வெள்ளாடும் செம்மறியுமாக எங்களிடம் 42 உருப்படி இருக்கின்றன. ராத்திரியில் பட்டிப் பக்கம் நரி வராமல் இருக்க நான்கு சோலார் காவல் விளக்கு வாங்கி 14 மாதம் ஆகிறது. ஆடு வைத்திருப்பவர்களில் வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, "அந்த விளக்கு நிஜமாவே வேலை செய்யுதாக்கா?" என்று கேட்கிறார்கள். செய்கிறது. ஆனால் எப்படிச் செய்கிறது, எப்போது செய்யாமல் போகிறது என்பதைச் சொல்லாமல் வெறுமனே "வாங்குங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் போனில் அரைமணி நேரம் பேசுவதை இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன்.

வாங்கியதற்குக் காரணம் ஒரே வாரத்தில் போன மூன்று குட்டிகள். முதல் இரண்டும் போன சுவடே தெரியவில்லை. மூன்றாவது படலுக்கு வெளியே பாதி தின்ற நிலையில் கிடந்தது. பிறந்து 12 நாள் ஆன செம்மறிக் குட்டி. தாய் ஆட்டுக்கு மடி கட்டிக்கொண்டது. இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிவிடும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பி என் கையை மோந்து பார்த்தது. குட்டியின் வாசனையைத் தேடியிருக்கும். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்தில் ஆடு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மிச்சத்துல மருந்தைத் தடவி வச்சுரும்மா, ரெண்டு நாள்ல தீந்துரும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் ஆடு போயிருக்கிறது. ஆனால் மருந்தை வைத்துவிட்டால் யார் வந்து தின்ன வேண்டும் என்பது நம் கையில் இல்லை. நரி தின்னும், எங்கள் நாய் தின்னும், செத்ததைக் கொத்த வரும் பருந்தும் கழுகும் சேர்ந்து சாகும். அப்புறம், நரி எல்லை பிடித்து ஜோடியாக வாழும் பிராணி. ஒரு ஜோடியைக் கொன்றால் அந்த இடம் ரொம்ப நாள் காலியாகக் கிடக்காது, வேறு நரி வந்து சேரும். வருவது எலி பிடித்துப் பிழைக்கும் நரியா, குட்டி தூக்கிப் பழகிய நரியா என்று யாருக்குத் தெரியும்? எங்கள் மேய்ச்சல் நிலத்தில் எலிவளை எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த எலிகளைத் தின்பதும் இதே நரிதான். நரி இருக்கட்டும், பட்டிக்கு வெளியே இருக்கட்டும். அதற்கு என்ன வழி என்று தேடியபோதுதான் இந்த விளக்கு கண்ணில் பட்டது.

இந்த யோசனையை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர் தெரிந்தவர் ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்த இயன் வேலன். அவர் செய்த விளக்குக்கு ஃபாக்ஸ்லைட்ஸ் என்று பெயர். நான் வாங்கியது அவருடையது இல்லை, அதே யோசனையில் வந்த வேறு ஒன்று. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் அதன் பெயரை எழுதவில்லை.

பார்க்க ஒரு சொம்பு உயரத்துக்கு பிளாஸ்டிக் டப்பா. மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சோலார் தகடு. சுற்றிலும் ஒன்பது எல்இடி: வெள்ளை, நீலம், சிவப்பு. வெளிச்சம் குறைந்தால் தானே எரிகிறது, விடிந்தால் தானே அணைகிறது. முதல் நாள் கம்பத்தில் மாட்டிவிட்டு இருநூறு அடி தள்ளிப்போய் இருட்டில் நின்று பார்த்தேன். கிழக்குப் பக்கம் வெள்ளையாக ஒரு வெட்டு. அப்புறம் இரண்டு மூச்சு விடும் நேரம் எதுவுமில்லை. திடீரென்று மேற்கே நீலம், உடனே இன்னொரு நீலம். அடுத்தது இந்தப் பக்கம் வரும் என்று நினைத்தால் வராது, எதிர்ப்பக்கம் சிவப்பு மினுங்கும். பத்து நிமிடம் நின்றும் தாளம் பிடிபடவில்லை. யாரோ டார்ச்சை வைத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி வருகிறார்கள், நடுவில் குனிகிறார்கள், நின்று திரும்புகிறார்கள் என்றுதான் தோன்றியது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த எனக்கே அப்படித் தோன்றியது.

இந்த விளக்கில் விஷயமே அதுதான். ஓயாமல் எரியும் குண்டு பல்பு வேறு, இது வேறு. கென்யாவில் நைரோபி தேசியப் பூங்காவின் தெற்கு ஓரம் கிடெங்கேலாவில் வளர்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற, மாடு மேய்க்கும் மாசாய் இனத்துச் சிறுவன் இதைத் தானாகவே கண்டுபிடித்தான். அப்பாவின் மாடுகளைச் சிங்கத்திடமிருந்து காப்பது அவன் வேலை. முதலில் தீ மூட்டிப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் சிங்கத்துக்கு வழி இன்னும் நன்றாகத் தெரிந்தது. பொம்மை நட்டு வைத்தான். முதல் நாள் சிங்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, இரண்டாம் நாள் இது அசையவே இல்லையே என்று புரிந்துகொண்டு உள்ளே குதித்தது. ஒரு ராத்திரி அவனே டார்ச்சோடு தொழுவத்தைச் சுற்றி நடந்தான், அன்று சிங்கம் வரவில்லை. அசையும் வெளிச்சத்துக்குத்தான் பயப்படுகிறது என்று தெரிந்துகொண்டு, பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, வண்டியின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சின் பல்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கும் விளக்கு வரிசை செய்தான். அப்போது வயது 11. 2013இல் டெட் (TED) என்ற புகழ்பெற்ற பேச்சு மேடையில் ஏறி அதைப் பற்றிப் பேசினான்.

அந்தக் கதையில் இரண்டாம் நாள் குதித்த சிங்கத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மாட்டிய நாளிலிருந்து ஐந்து வாரம் நிம்மதியாகத் தூங்கினோம். பட்டியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணைச் சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கிச் சமன்செய்துவிடுவேன். காலையில் அதில் பதிந்திருக்கும் தடத்தைப் பார்த்தால் ராத்திரி யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். நாயின் தடம் அகலமாக இருக்கும், இங்கும் அங்கும் அலையும். நரியின் தடம் கொஞ்சம் நீளம், ஒடுக்கம்; கயிறு பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போகும். ஐந்து வாரமும் பெருக்கிய மண் பெருக்கியபடியே இருந்தது. அமாவாசை ராத்திரியில்கூடத் தடம் இல்லை.

ஆறாவது வாரம் ஒரு காலையில் கோடு தெரிந்தது. நேராக வந்து, விளக்குக் கம்பத்துக்குப் பத்தடி முன்னால் நின்று, கம்பத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது. மறுநாள் கம்பத்தடியில் சிறுநீர் வாடை. அதற்கடுத்த நாள் தடம் படலை ஒட்டிப் போயிருந்தது.

என் மாமியார் வந்து குனிந்து பார்த்தார். அவர் சின்ன வயதில் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிப் பட்டியைக் காத்தவர்.

"இந்த விளக்கு எத்தன நாளா இதே கம்பத்துல இருக்கு?"

"மாட்டின நாள்லருந்து இங்கதான் இருக்கு அத்தை."

"அப்ப நரிக்கு இது இன்னொரு நிலா, அவ்வளவுதான். நான் தகரம் தட்டுனப்ப ஒரே எடத்துல உக்காந்து தட்டுனதே இல்ல. ஒரு நாள் வேப்பமரத்தடி, ஒரு நாள் வைக்கப்போர். அதுக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியவே கூடாது."

அன்றைக்கே இடத்தை மாற்றினேன். விளக்கு உபயோகமாவதும் வீணாவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. வாங்கினால் தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும், உயரமும் மாற வேண்டும். ஒரு முறை முழங்கால் உயரம், ஒரு முறை நெஞ்சு உயரம், ஒரு முறை படலின் உள்பக்கம். நான்கையும் எல்லா நாளும் எரியவிடாதீர்கள். இரண்டை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், வாரம் கழித்து அவற்றை வெளியே கொண்டுவந்து மற்ற இரண்டை உள்ளே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களே டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். நான் பத்து மணிக்கு ஒரு முறை போகிறேன். மூன்று மணிக்கு வீட்டுக்காரர் போகிறார். இருமுகிறோம், பேசுகிறோம், ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். விளக்கு சொல்வதை நாங்களும் அவ்வப்போது நிஜமாக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்ய ஆரம்பித்த ஒன்பதாம் நாளிலிருந்து தடம் முப்பது அடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரும்பாலும் இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

பெட்டியின் மேல் "எல்லா வனவிலங்குகளுக்கும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ள முடியாது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் உயர்ந்த மலைச் சமவெளியில், ஒட்டக இனத்தைச் சேர்ந்த அல்பாக்கா, லாமா மந்தைகளுக்கு இதே மாதிரி மினுங்கும் விளக்கை வைத்து முறையாகச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கொஞ்ச நாள் விளக்கோடு, கொஞ்ச நாள் விளக்கில்லாமல் என்று ஒவ்வொரு மந்தையையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பூமா என்ற பெரிய பூனை விளக்குள்ள மந்தைகளைத் தொடவில்லை. அந்த ஆண்டீஸ் மலையின் நரி விளக்கைச் சட்டைசெய்யவே இல்லை. பதுங்கி வந்து பாயும் பூனை இனத்துக்கும், சுற்றிச் சுற்றி வந்து நோட்டம் பார்க்கும் நாய் இனத்துக்கும் உள்ள வித்தியாசம் இது என்று எனக்குப் படுகிறது. உங்கள் பக்கம் சிறுத்தை என்றால் விளக்கை நம்பி வாங்கலாம். நரியோ ஓநாயோ என்றால் விளக்கை மட்டும் நம்பாதீர்கள்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஆட்டைக் கொன்றது யார் என்று பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. ஆடு செத்தவுடன் கோபத்தில் எல்லோரும் காட்டைப் பார்க்கிறோம். சிறுத்தை கடித்தால் கழுத்திலோ தொண்டையிலோ ஆழமான பல் துளைகள் இருக்கும், உடம்பின் மற்ற இடங்களில் அவ்வளவாகக் காயம் இருக்காது. ரோமத்தை விலக்கித்தான் பார்க்க வேண்டும், மேலோட்டமாகத் தெரியாது. தெருநாய்க் கூட்டம் வந்துபோன பட்டி வேறு மாதிரி இருக்கும். பின்னங்கால், தொடை, வயிறு என்று கண்ட இடத்தில் கடி. பல ஆடுகளுக்குக் காயம், தின்றது கொஞ்சம். எனக்கு ஒன்பதாவது மாதம் ஒரே ராத்திரியில் நான்கு வெள்ளாட்டுக்குக் கடி. எல்லாம் தொடையிலும் வாலடியிலும். மூன்று பிழைத்தன, ஒன்று பிழைக்கவில்லை. விளக்குகள் அன்றைக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன. மனிதர் வெளிச்சத்திலேயே வளர்ந்த நாய்க்கு இந்த மினுக்கல் ஒரு பொருட்டே இல்லை. அந்த மூன்று ஆட்டுக்கும் புண்ணைக் கழுவிக் கழுவி என் விரல் நுனி வெளுத்துப்போனது. விளக்கை நம்பி நான் தூங்கிவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மின்வலை வாங்கினேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரத்தில் நைலான் வலை. குறுக்கே போகும் இழைகளுக்குள் மெல்லிய கம்பி பின்னியிருக்கும். பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி, நொடிக்கு ஒரு தடவை போல, சுருக்கென்று மின்துடிப்பு அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் அடிக்கும் நேரம் நொடியில் மிகச் சின்னத் துளி என்பதால் உயிருக்கு ஆபத்து இல்லை, வலி மட்டும்தான். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் இழுத்துக் கட்டுவது முற்றிலும் வேறு. அது மனிதரையும் கொல்லும், யானையையும் கொல்லும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

வலையை நான் இரண்டு தடவை தொட்டிருக்கிறேன். முழங்கையில் யாரோ சுத்தியால் தட்டினாற்போல் இருந்தது. நரி மூக்கால் மோந்து பார்த்துத்தான் எதையும் தெரிந்துகொள்ளும். ஈரமான அந்த மூக்கில் ஒரு தடவை பட்டால் போதும். கட்டி நான்காம் நாள் விடியற்காலை ஒரே ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் வலையருகே மண் கிளறியிருந்தது, திரும்பிப் போன தடத்தில் அடிக்கு அடி இடைவெளி, வந்த தடத்தைவிட மூன்று மடங்கு இருந்தது. அந்தப் பக்கம் அதற்குப் பிறகு தடமே இல்லை. விளக்கு சொல்வதை நரி சோதித்துப் பார்த்து இல்லையென்று கண்டுகொள்ள முடியும். வலையைச் சோதித்தால் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

ஆனால் வலைக்கு ஆள் வேலை கேட்கும். புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொட்டால் மின்சாரம் புல் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பத்து நாளைக்கு ஒரு முறை அடியில் புல்லைச் செதுக்குகிறேன். கோடையில் மண் காய்ந்துவிட்டால் அடியே விழாது, ஏனென்றால் நரியின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கிப் பெட்டிக்குத் திரும்ப வேண்டிய மின்சாரத்துக்குக் காய்ந்த மண் வழிவிடாது. பெட்டியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் தரைக்கம்பியை (எர்த் கம்பி) ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக அடித்து, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். சோதிக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் விளக்கு எரிகிறது என்பதால் வலையில் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அப்புறம், கொம்புள்ள வெள்ளாடு வலையில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கட்டிய முதல் இரண்டு நாள் பக்கத்திலேயே இருங்கள்.

கொடிக்கயிறும் போட்டுப் பார்த்தேன். கிழக்கு ஐரோப்பாவில் ஓநாய் வேட்டைக்குப் போனவர்கள் கயிற்றில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டு ஓநாயை மடக்குவார்கள். ஓநாய் அந்தக் கோட்டைத் தாண்டாது. அதையே திருப்பி, ஆட்டைக் காக்க இப்போது பயன்படுத்துகிறார்கள். அளவு எளிது: அரை மீட்டர் நீளத் துணி, அரை மீட்டருக்கு ஒன்று. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சோதித்து 2003இல் வெளியிட்டதில், ஓநாய்கள் அதிகபட்சம் 60 நாள் வரை தாண்டவில்லை. துணி காற்றில் அசைவதுதான் முக்கியம், சிவப்பு நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி நாய் இனத்துக்குத் தெரியாது. எங்கள் பட்டிக்கு மூன்று வாரம் உதவியது. அப்புறம் துணிகள் கயிற்றில் சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிட்டன, வெள்ளாடுகள் நான்கைந்தைத் தின்றும்விட்டன. மேய்ச்சலுக்கு வேறு இடத்தில் சில நாள் தங்கும்போது மட்டும் எடுத்துப்போகிறேன்.

இனி விளக்கின் குறைகள். தகட்டில் தூசி படிந்தால் நடுராத்திரிக்கு மேல் வெளிச்சம் மங்கிவிடுகிறது, வாரத்துக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காக்கை உட்கார்ந்து எச்சமிடும், அதையும்தான். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்து மழை பெய்தால் சார்ஜ் ஏறாது. இடம் மாற்ற ஆரம்பித்த பிறகு நரியிடம் நான் இழந்த ஒரே குட்டி அப்படி ஐந்து நாள் விடாமல் மழை பெய்தபோது போனதுதான். வெளியே இருந்த விளக்குகள் இரண்டு மணிக்கு முன்பே அணைந்திருக்கின்றன. மழைக்குப் பயந்து நானும் அன்றைக்குச் சுற்றி வரவில்லை. இப்போது மேகமூட்டம் என்றால் வீட்டில் சார்ஜ் போட்ட சாதாரண டார்ச் இரண்டைக் கட்டித் தொங்கவிடுகிறேன், காற்றில் அவை ஆடும்.

ஒரு விளக்கு ஐந்தாம் மாதமே செத்துவிட்டது. திறந்து பார்த்தால் அடிப்பக்க ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் உள்ளே தண்ணீர், சர்க்யூட் பலகையில் பச்சைப் பாசி மாதிரித் துரு. ஒரு வருட உத்தரவாதம் என்று அட்டையில் இருக்கிறது. எழுதிப் போட்டேன், படம் அனுப்பினேன், மூன்று வாரம் கழித்து "தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் செல்லாது" என்று பதில் வந்தது. மழையில் நிற்கவேண்டிய விளக்குக்கு அப்படி ஒரு நிபந்தனை நியாயமே இல்லை. மற்ற மூன்றுக்கும் வளையத்தைச் சுற்றிச் சிலிகான் பசை பூசிவிட்டேன், இதுவரை தாங்குகின்றன. நீங்கள் வாங்கினால் முதல் நாளே பூசிவிடுங்கள். பேட்டரி மாற்றக்கூடிய மாதிரியா என்றும் கேளுங்கள். என்னுடையதில் பேட்டரியை ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள், எளிதில் மாற்ற முடியாது.

விளக்குக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வலைக்கு நான்கரை. சிறுத்தைக்காக வாங்குபவர் விளக்குக்கு நான்கு கொடுத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

நாயைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். காவல் நாய் வேறு, மேய்ப்பு நாய் வேறு. காவல் நாய் ஆட்டை ஓட்டாது, ஆட்டோடு ஆடாகப் படுத்திருக்கும். குட்டியாக இருக்கும்போதே, எட்டு வாரத்திலிருந்து, ஆட்டுக் கொட்டிலில் விட்டு வளர்த்தால் ஆட்டையே தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். நமீபியாவில் லாரி மார்க்கர் தொடங்கிய சிவிங்கிப்புலி (சீட்டா) பாதுகாப்பு நிதியம் 1994 முதல் துருக்கி நாட்டு அனடோலிய மேய்ச்சல் காவல் நாய்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. சிவிங்கிப்புலியைச் சுட்டுக் கொன்றவர்கள் அதற்குப் பிறகு சுடுவதைக் குறைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் பக்கத்தில் மிடில் ஐலண்ட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே நரி புகுந்து நூற்றுக்கணக்கில் இருந்த சின்ன இனப் பெங்குவின்கள் 2005இல் பத்துக்கும் குறைந்துவிட்டன. 2006இல் இத்தாலிய மரேம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள், பெங்குவின்கள் மறுபடி பெருகின. ஆட்டுக்குப் பதில் பெங்குவினோடு படுத்திருக்கும் நாயை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் நாய்க்குட்டிக்கு இப்போது ஏழு மாதம். சாதாரண நாட்டு நாய்தான். பிறந்து ஒன்பதாவது வாரம் செம்மறிக் குட்டிகளோடு விட்டோம். இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை, குட்டியின் காதைப் பிடித்து இழுக்கும், அதட்ட வேண்டியிருக்கிறது. காவல் நாய் முழுதாகத் தேற இரண்டு வருடம் ஆகும் என்பதால் இப்போதே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் ராத்திரி எட்டிப் பார்த்தபோது, குட்டி பறிகொடுத்த அந்தத் தாய் ஆட்டின் முதுகில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆடு அசை போட்டுக்கொண்டே இருந்தது, விலகவில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் மாட்டின் பின்புறம் இரண்டு பெரிய கண்களை வரைந்துவிட்டுப் பார்த்தார்கள். 14 மந்தை, 2,061 மாடு, நான்கு வருடம். 2020இல் வெளியான முடிவில், கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ கொல்லவில்லை. ஒன்றும் வரையாதவற்றில் 15 போயின. வெறும் பெருக்கல் குறி வரைந்தவற்றில் 4 போயின. பதுங்கி வரும் பிராணி, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தால் பாயாமல் விட்டுவிடுகிறது. என் விளக்கு சொல்லும் சேதியும் இதுதானே என்று படித்தபோது தோன்றியது. ஆனால் அங்கேயும் மந்தையில் எல்லா மாட்டுக்கும் கண் வரையவில்லை, வரையாத மாடுகளும் கூடவே மேய்ந்தன என்பதை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் பத்துப் பதினைந்து ஆட்டுக்குச் சரி, பெரிய மந்தைக்கு நடக்குமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஐடஹோவில் உட் ரிவர் திட்டம் என்று 2008இல் தொடங்கினார்கள். மலைமேய்ச்சலுக்குப் போகும் ஆயிரக்கணக்கான செம்மறிகள், சுற்றிலும் ஓநாய்கள். விளக்கு, சத்தம், கொடிக்கயிறு, காவல் நாய், கூட ஆள் என்று நேரத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஏழு வருடக் கணக்கை 2017இல் வெளியிட்டபோது, ஓநாயைக் கொன்று கட்டுப்படுத்திய பக்கத்துப் பகுதியில் ஆட்டு இழப்பு 3.5 மடங்கு அதிகமாக இருந்தது. மருந்து வைக்கச் சொன்ன அண்ணனிடம் இதைச் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து வந்து, "அந்த வலையை எப்படிம்மா கட்டுறது, ஒருக்கா காட்டு" என்றார். போய்க் கட்டிக்கொடுத்தோம்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் வலை வாங்குங்கள், அதையும் குட்டி போடும் ஆடுகள் படுக்கும் இடத்துக்கு மட்டும் கட்டினால் போதும். ஈன்ற இடத்தில் நஞ்சுக்கொடியையும் செத்துப் பிறந்ததையும் உடனே எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள், அந்த வாடைக்குத்தான் நரி முதலில் வரும். விளக்கு வாங்கினால் குறைந்தது இரண்டு வாங்குங்கள், ஒன்றை மட்டும் வைத்து இடம் மாற்றிச் சமாளிப்பது கடினம். ராத்திரி எழுந்து ஒரு சுற்று வர முடியாத வீடு என்றால் விளக்கை வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் படலை உயரமாக்கி மேலே கூரை போடுங்கள்.

இப்போது என் விளக்குகள் மூன்றும் பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஆறு வாரமாக வெளியே எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். ஒன்பது ஆடு சினையாக இருக்கின்றன. முதல் ஆட்டுக்கு மடி இறங்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அந்த வாரம் எடுத்து, இதுவரை மாட்டாத வடக்கு மூலையில் முதல் விளக்கை மாட்டுவேன்.